இரவல் பிள்ளைகள்

எனக்கு முதல் வேலை கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு நானே பூட்டுப் போட்டுவிட்டேன் என்று எங்கள் அத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார், கல்யாண வீட்டில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தவரிடமும் சொல்வார். நான் வாய் திறக்காமல் இருந்தது பெற்றவர் என்ற மரியாதையால் மட்டும் இல்லை. பதில் சொன்னால் சண்டையாகும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது அவரும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

குன்னூர் பஜாரில் எங்களுக்குக் கம்பளிக் கடை. எஸ்டேட் ஆட்கள் மழைக்காலத்தில் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளிதான் முக்கிய வியாபாரம், கூடவே குடையும் உண்டு. கடையை நான் பார்த்துக்கொள்வேன் என்று அத்தா நினைத்திருந்தார். நான் கோயமுத்தூர் போய் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்தேன். யுத்தம் முடிந்திருந்த சமயம். துரைமார் சிலர் பங்களாவில் இருந்த சாமான்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறத் தொடங்கியிருந்தார்கள். பஜாரில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க, பத்துப்பேர் சுற்றி நின்று கேட்பார்கள். வெள்ளைக்காரன் போகப்போகிறான், நாடு நம் கைக்கு வரப்போகிறது, அந்த நாட்டுக்கு ஆட்களைத் தயார் செய்யப்போகிறவர்கள் நீங்கள்தான் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினோம்.

அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த இடம், கோத்தகிரி ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பள்ளிக்கூடம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. நடுவில் கோணிச்சாக்குத் தொங்கும். அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும், இந்தப் பக்கம் மூன்றும் நான்கும். மழை பெய்தால் கூரையின் இரைச்சலில் பாடம் நடத்த முடியாது, எழுதத்தான் சொல்ல வேண்டும். சுவருக்கு அடுத்த அடியிலேயே தேயிலைச் செடி ஆரம்பித்துவிடும். வாத்தியார்கள் இரண்டே பேர், தலைமையாசிரியரும் நானும். பிள்ளைகள் அவரை ‘பெரிய சார்’ என்றார்கள், என்னை ‘பாய் சார்’ என்றார்கள்.

பெரிய சாரைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கோபிப் பக்கத்துக்காரர். மீசை முளைத்த வயதில் அந்த எஸ்டேட்டுக்கு வந்தவர், தலை நரைத்தும் அங்கேயே இருந்தார். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அக்கரையில் விடுவார். சொறி சிரங்கு வந்த பிள்ளைக்குத் தன் கையாலேயே மருந்து போடுவார். இவ்வளவு செய்கிறவர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் தலையை நிமிர்த்தவே மாட்டார். பெயர்களை மடமடவென்று வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கோடு போடுவார். பதில் வந்ததா இல்லையா என்று காது கொடுக்க மாட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் ஒரு பெண். ஒன்பது வயதிருக்கும், சரியாகத் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கே தெரியாது. முன்வரிசையில் வாசற்படியை ஒட்டிய இடம்தான் அவளுக்கு வேண்டும். வெளிச்சம் அங்கேதான் விழும் என்பது காரணம். முந்தி வருகிற பிள்ளை யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், முறைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். உட்கார்ந்த பிள்ளை தானாக எழுந்துபோகும். அம்மாவோடு சேர்ந்து கொழுந்து கிள்ளிப் பழகியவள். இரண்டு கையும் ஒன்றுபோல ஓடும். சிலேட்டில் எழுதும்போது வலது கை வலித்தால் பலப்பத்தை இடது கைக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். மாற்றியது அவளுக்கே தெரியாது. இடது கையால் எழுதுகிற பிள்ளையை உடனே திருத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் எழுதுகிற பிள்ளையை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் பார்த்து ரசித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பருவமழை ஓய்ந்து வெயிலும் தூறலும் மாறி மாறி வரத் தொடங்கியதும் செடிகள் துளிர்த்துத் தள்ளின. கொழுந்து முற்றுவதற்குள் கிள்ளியாக வேண்டும். ஒரு திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது நாலைந்து பிள்ளைகள்தான் இருந்தார்கள். அவர்களும் கூடையைத் தூக்க முடியாத பொடிசுகள். முன்வரிசை காலி. வெளியே பார்த்தேன். சரிவில் அம்மாக்களுக்குப் பக்கத்தில் என் வகுப்பு நின்றுகொண்டிருந்தது.

சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. அதனால் எஸ்டேட்டில் அவர்கள் பெயரை எழுதுவதில்லை. பிள்ளை கிள்ளும் இலை அம்மாவின் கூடையில் விழும், அம்மாவின் பெயரில் எடை போடப்படும். கேட்டால், அம்மாவோடு கூட வந்திருக்கிறது, வேலை செய்யவில்லை என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய சார் நேர்கோடு போட்டிருப்பார். கணக்குப்படி, வேலை செய்த இடத்தில் அது இல்லை, இல்லாத இடத்தில் படித்துக்கொண்டிருந்தது.

கோணிச்சாக்கை விலக்கிக்கொண்டு அவரிடம் போய்க் கத்தினேன். ஆம், கத்தத்தான் செய்தேன். அவர் பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே பேசினார்.

“ஏனுங்க தம்பி, கோவப்படாதீங்க. சர்க்கார் கிராண்ட்டுப் பணம் வர்றதுனாலதான் துரை இந்தப் பள்ளிக்கூடத்த உட்டுவெச்சிருக்காரு. வர்ற புள்ளைங்க கொறஞ்சா கிராண்ட்டு நின்னு போயிருமுங்க. நின்னுபோச்சுன்னா இந்த ரூமுல எருமூட்டைய அடுக்கிருவேன்னு போன வருசமே சொல்லிப்போட்டாரு. இப்ப இந்த ஒண்ணு ரெண்டு மாசந்தானுங்க எல எடுக்கப் போகுதுங்க. மத்த நாள்ல வருமில்லீங்களா? அதுவும் வேண்டாமுங்களா?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

பிறகு ஒருநாள் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. நல்ல கொழுந்து நேரத்தில் வருகிறார். பெரிய சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொழுந்து நேரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்துவிட்டால் அந்தப் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பஜார் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி வருவார்கள். எஸ்டேட் பிள்ளைகளின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் இடத்தில் உட்காரவைப்பார்கள். அதிகாரி போனதும் பொரிகடலை கொடுத்து வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள். பஜார் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பெரிய சாருக்கு உறவு, இல்லை என்று சொல்லமாட்டார்.

“நீங்க பஜார்ல பொறந்து வளர்ந்தவங்க. உங்க வார்த்தைக்கு எல்லா ஊட்லயும் புள்ளைய அனுப்புவாங்க. நல்லாப் படிக்கற புள்ளைங்களா ஒரு இருபது இருபத்தஞ்சு கூட்டிட்டு வந்துருங்க தம்பி” என்றார்.

முடியாது என்றேன். எஸ்டேட் பிள்ளைகளை ஒரே ஒருநாள் வரச் சொல்லலாமே என்றேன். துரையிடம் கேட்டாயிற்று, கொழுந்து நேரத்தில் ஒரு கையைக்கூட விடமாட்டேன் என்கிறார் என்றார். அப்படியானால் இருக்கிற பிள்ளைகளோடு நில்லுங்கள் என்றேன். அவர் தன் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். என் பிடிவாதத்தால் அவர் யோசனையைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பினேன். வேலைக்குப் புதிதாக வந்தவனுக்குத் தன் வார்த்தைக்கு இருக்கும் எடையைப் பற்றிப் பெரிய எண்ணம் இருக்கும்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையிலிருந்தே எதிரே நிற்பவர் தெரியாதபடி மஞ்சு இறங்கியிருந்தது. நான் பஜாரிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலைகள், காலில் செருப்பு, துவைத்த சட்டை. எல்லாம் ஊரில் பார்த்துப் பழகிய முகங்கள். அரிசி மண்டிக்காரர் மகன், தையற்கடைக்காரர் பேரன். முன்வரிசையில் வாசற்படியை ஒட்டி எங்கள் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. நான் மறுத்ததும் பெரிய சார் நேரே எங்கள் கடைக்குப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் மகனுக்கு வேலையும் போகும் என்று சொல்லியிருக்கிறார். அத்தா பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுத்ததோடு, கௌரவத்துக்குத் தன் பேத்தியையும் அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருநாளுக்கு எடுத்த பாவாடையும் கையில் மருதாணியுமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமாவுக்குப் பெரிய உதவி செய்ய வந்திருக்கிறோம் என்ற பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

பெரிய சாரிடம் பேச நேரமில்லை. இன்ஸ்பெக்டர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, என்னை வருகைப் பதிவு எடுக்கச் சொன்னார். நான் பெயர்களைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த பெயர்களுக்கு எனக்குத் தெரிந்த வேறு முகங்கள் எழுந்து ‘ஆஜர்’ என்றன. நிறுத்தவும் தெரியவில்லை, தொடரவும் முடியவில்லை. அப்படியே அந்த வாசற்படிப் பெண்ணின் பெயருக்கு வந்தேன்.

அக்கா மகள் துள்ளி எழுந்து, “ஆஜர்” என்றாள்.

வெளியேயிருந்து இன்னொரு குரல், “ஆஜர் சார்” என்றது.

அன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வரிசை பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வந்திருக்கிறது. மஞ்சுக்குள்ளிருந்து அவள் வாசலுக்கு வந்து நின்றாள். முதுகில் கூடை, அதன் கயிறு நெற்றியில். தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அட்டை கடித்த இடத்தில் கணுக்காலில் ரத்தம் வழிந்திருந்தது. உள்ளே இருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தன் இடத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

“என்ற பேரக் கூப்புட்டீங்க சார். அதான் வந்தனுங்க.”

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பெரிய சார் வேகமாக வாசலுக்குப் போய் அவளை மறைத்துக்கொண்டு நின்றார். “போ கண்ணு, வேலையப் பாரு, போ” என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“இது தோட்டத்துல வேல செய்யற புள்ளைங்க. அதுக்கு அறிவு கொஞ்சம் கம்மிங்க. யாரு பேரக் கூப்புட்டாலும் ஓடியாரும்.”

அவள் அதைக் கேட்டாள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை எட்டி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. அழுகையோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. தனக்கு அறிவு கம்மியா இல்லையா என்று என்னிடம் தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். நான்தானே அவளுக்கு வாத்தியார்.

அந்த நிமிஷத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் பிழைத்திருக்கும். பெரிய சார் பிழைத்திருப்பார், எனக்கும் வேலை நிலைத்திருக்கும். அத்தாவின் பெயரும் கெட்டிருக்காது. அவள் மட்டும் அறிவு கெட்டவளாகத் திரும்பிப் போய்க் கொழுந்து கிள்ளியிருப்பாள். கொழுந்து ஓய்ந்ததும் மறுபடி வகுப்புக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தும் இருப்பாள். ஆனால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதன் பிறகு அவளுக்கு என்ன பாடம் நடத்துவது? சரித்திரமா, பூகோளமா? இவ்வளவையும் அப்போது நினைத்தேன் என்று சொன்னால் அது கதை. அப்போது வந்தது வெறும் கோபம்தான்.

“இந்தப் பேரு இவளோடதுங்க சார்” என்றேன். “இவதான் என் வகுப்புல படிக்கிற பொண்ணு. அறிவெல்லாம் நல்லாவே இருக்கு. இங்க எந்திரிச்சு நிக்கிறது எங்க அக்கா மக. குன்னூர் பஜார் பள்ளிக்கூடத்துல படிக்கிறா.”

பெரிய சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று.

இன்ஸ்பெக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். கூடையை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். கரும்பலகையில் பெயரை எழுதச் சொன்னார். தேயிலைக் கறை படிந்து விரல் நுனிகளெல்லாம் கறுத்திருந்தன. வலது கையால் எழுத ஆரம்பித்தாள். குளிரில் விரல் விறைத்ததோ என்னவோ, பாதியில் சாக்கட்டியை இடது கைக்கு மாற்றி எழுதி முடித்தாள். அப்பன் பெயரையும் எஸ்டேட்டின் பெயரையும் அவர் கேட்காமலேயே கீழே எழுதினாள். அவர் அந்த எழுத்தையும் அந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் அக்கா மகளின் மருதாணிக் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மத்தவங்க?”

“பொடிசுங்க மட்டும்தான் எங்க பிள்ளைங்க சார். மிச்சப்பேரு அங்க இருக்காங்க” என்று ஜன்னலைக் காட்டினேன். வெளியே மஞ்சுதான் தெரிந்தது.

அவர் மெதுவாகப் பேசினார். “தம்பி, அந்தப் பின்வரிசையில தொப்பி போட்டிருக்கிற பையன் போன மாசம் எமரால்டு பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல வேற பேருக்கு எந்திரிச்சு நின்னான். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சீங்களா? யாரும் சொல்லாத வரைக்கும் நான் எழுத வேண்டியதில்லை. இத்தனை வருஷம் யாரும் சொல்லலை. நீங்க சொல்லிட்டீங்க, இனிமே எழுதாம இருக்க முடியாது. எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். இவரும் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. அந்த அறையில் ஒரு கெட்டவராவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா மகள் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை, தன்னால் ஏதோ கெட்டுப்போயிற்று என்பது மட்டும் புரிந்தது. இடத்தை விட்டு எழுந்து போகப் பார்த்தாள். கரும்பலகையிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட் பெண் அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ எந்திரிக்க வேண்டாம். கொஞ்சம் நவுந்துக்கோ” என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெருநாள் பாவாடையின் ஒரு பக்கம் கம்பளி ஈரத்தில் நனைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து எனக்கு வீட்டில் கிடைத்தது.

வீட்டில் அத்தா பேசியதை இங்கே எழுத வேண்டாம். “உன் வேலையக் காப்பாத்தத்தான்டா புள்ளைய அனுப்புனேன். ஊர் முன்னாடி என்னைய மோசக்காரனாக்கிட்டியே” என்று அவர் சொன்னது மட்டும் போதும். அந்த வருஷம் எஸ்டேட்டுக்குக் கம்பளி வேறு கடையிலிருந்து போயிற்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

கிராண்ட் நின்றது. துரை சொன்ன சொல் தவறாதவர். வருஷக் கடைசியோடு பள்ளிக்கூடம் கிடையாது, இரண்டு வாத்தியார்களும் போகலாம் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரிய சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கோணிச்சாக்குக்கு அந்தப் பக்கம் அவர் பாடம் நடத்தும் சத்தம் மட்டும் குறைந்துபோயிற்று.

இதை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மூடப்போகிறது, என்னால்தான் என்றேன். கோடரியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“புள்ள ஊட்டுக்கு வந்து எல்லாஞ் சொல்லுச்சுங்க. அறிவு கம்மின்னு பெரிய சார் சொன்னாராமா. நீங்க இல்லைன்னு சொன்னீங்களாமா. பள்ளிக்கூடத்த மூடறது எங்களுக்கு நட்டந்தானுங்க, நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா நீங்களும் வாயத் தொறக்காம இருந்திருந்தீங்கன்னா எம்புள்ள கிறுக்கச்சின்னு பேரு வாங்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்திருக்குமுங்க. அது என்னைக்குங்க அழியும்?”

எங்கள் அக்கா சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். குன்னூர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்றேன். அவள் மேட்டுப் பாதையைக் காட்டினாள்.

“இந்தக் காட்டு வழியில பொட்டப்புள்ளைய ஒத்தையில எப்படீங்க அனுப்பறது? கூட்டிட்டுப் போயி உட்டுப்போட்டு வர்றதுக்கு எனக்கு ஏதுங்க நேரம்?” என்றாள். மறுபடி கோடரியை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

பிற்பாடு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் கூடலூர்ப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. எனக்குச் சமவெளியில் ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அங்கேயே காலம் ஓடிவிட்டது. கொடி மாறியது, பாடப்புத்தகம் மாறியது. பயிற்சி முடித்துப் புதிதாக வருகிற பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவது மட்டும் மாறவில்லை. அவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கடைசி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். மார்கழிப் பனி விழுந்து செடிகள் துளிர்ப்பதை நிறுத்தியிருந்தன. கொழுந்து இல்லாத நாட்களிலும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. விறகு பொறுக்கப் போவார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், பாதிப்பேர் வந்தாலே பெரிது. இந்தத் தடவை எல்லாரும் வந்தார்கள். இன்ன பெயர் இன்ன பிள்ளைக்குத்தான் என்று ஆபீசர் முன்னால் ஒரு வாத்தியார் சொன்னார் என்பது லைன் முழுக்கப் பரவியிருந்தது. அம்மாக்கள் தாங்களே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போனார்கள். இடுப்பில் தம்பி தங்கையோடு வந்த பெண்கள் உண்டு. இடம் போதாமல் நடுவில் தொங்கிய கோணிச்சாக்கை அவிழ்த்துக் கீழே விரித்தோம். ஜன்னல் திட்டில்கூடப் பிள்ளைகள். ஓர் அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்தும் பயனில்லை, உத்தரவு ஆகிவிட்டது.

கடைசி நாள் காலையில் நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். பெரிய சார் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அந்த அறை அப்படி நிறைந்து அவர் பார்த்ததில்லை, இரவல் பிள்ளைகளோடு பார்த்ததைத் தவிர. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணை ஓட்டினார்.

“ஏனுங்க தம்பி, இத்தனையும் நம்ம புள்ளைங்களா?” என்றார்.

“ஆமாங்க சார். எல்லாம் நம்மளுதுதான்.”

அவர் கையை நீட்டினார். நான் புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பெயரை வாசித்தார். வழக்கம்போலக் கோடு போடப் போனவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “யாரு கண்ணு அது?” என்றார். ஒரு பையன் எழுந்தான். அவனை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டார். அடுத்த பெயருக்கு அவரே ஒரு பெண்ணைக் காட்டி, “நீதான?” என்றார். அது இல்லை. பிள்ளைகள் சிரித்து, சரியான ஆளைத் தள்ளிவிட்டார்கள். அடுத்ததும் தப்பு. தான் மருந்து போட்ட கால்களையும் ஓடையில் தூக்கிய உடம்புகளையும் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாரையும் ‘கண்ணு’ என்றே கூப்பிட்டுப் பழகியவருக்கு எந்தப் பெயருக்கு எந்த முகம் என்பதுதான் தெரியவில்லை. அவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு போனார். வாசற்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தவளின் முறை வந்ததும் அவள் பெயரை வாசித்தார். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நேராக அவளைப் பார்த்துக் கும்பிடுவதுபோலக் கையை உயர்த்தினார். அவள் எழுந்து, “ஆஜர் சார்” என்றாள். அவர் கோடு போடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.